ஆற்றங்கரை மச்சும் ஒரு கிண்ண உப்பும்

பினாங்கில் எங்கள் ஊர்க்காரர்கள் கூடுகிற டீக்கடையில் போன மாதம் ஒருவர் என்னைப் பார்த்துக் கேட்டார்: "பரங்கிப்பேட்டையில சாராயக்கடை வச்சு நொடிச்சுப்போனாரே ஹபிபுல்லா, அவரு உங்க மச்சான்தானே?"

ஆமாம் என்றும் சொல்ல முடியவில்லை, இல்லை என்றும் சொல்ல முடியவில்லை. டீயைப் பாதியில் வைத்துவிட்டு வந்துவிட்டேன். என் அக்காள் சலீமா பீவியின் புருஷன் அவர் என்பது நிஜம். மற்றதெல்லாம் பொய். அவர் சாராயம் தொட்டதுமில்லை, நொடிக்கவுமில்லை. ஆனால் கடல் தாண்டி வருகிற பேச்சுக்கு ஒரு குணம் உண்டு. ஊரிலே மறந்துபோன பிறகும் இங்கே அது நடமாடிக்கொண்டே இருக்கும். அது அப்படியே இறுகிப்போவதற்கு முன்னால் நடந்ததை நடந்தபடி எழுதிவிட வேண்டும் என்று பதறிக்கொண்டு எழுதுகிறேன். தப்பிருந்தால் ஊரில் உள்ளவர்கள் திருத்தட்டும்.

ஹபிபுல்லா மச்சான் பிறந்தது பரங்கிப்பேட்டையில்தான். மீசை முளைக்கும் முன்பே ஒரு உறவுக்காரர் கப்பலேற்றிப் பினாங்குக்குக் கூட்டிப்போய்விட்டார். அங்கே கடலைப் பார்த்தபடி ஒரு பழைய விடுதி. கீழே மதுக்கூடம், அதையொட்டிச் சாப்பாட்டுக்கூடம், மேலே தங்குகிற அறைகள். நடத்தியவர் ஒரு சீனர். மச்சான் அங்கே தட்டுக் கழுவச் சேர்ந்து, பரிமாறுகிறவராகி, கடைசியில் மாடி முழுவதற்கும் பொறுப்பாக வந்துவிட்டார். கீழே கப்பல்காரர்கள் குடித்துவிட்டு மேஜையைத் தட்டிப் பாடிக்கொண்டிருப்பார்கள். இவர் மேலே இரவின் இஷாத் தொழுகையை முடித்துவிட்டுப் படுக்கை விரிப்பு மாற்றிக்கொண்டிருப்பார்.

"குடிக்க வர்றவன்ல பாதிப் பேரு குடிக்கவா வர்றான் மச்சான்? உக்கார ஒரு எடம், பேச ஒரு ஆளு, அவ்வளவுதான். அதுக்கு எதுக்குச் சாராயம்?" என்பார். அந்த வேலையை விட்டபோது அவர் மனசில் இருந்தது அது ஒன்றுதான். ஊரில் இதே மாதிரி ஒன்று. ஆற்றைப் பார்த்த அறைகள், நல்ல சாப்பாடு, குடிப்பதற்கு டீயும் சர்பத்தும்.

இந்த இடத்தில் எங்கள் ஊர் வழக்கம் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். எங்களில் பெண்ணுக்கு வீடு கொடுப்பார்கள். மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வந்து வாழ்வான். வாழ்வது என்றால், மூன்று வருஷத்துக்கு ஒருமுறை கப்பலில் வந்து இறங்கி, நாலைந்து மாதம் இருந்துவிட்டு மறுபடி ஏறிப்போவது. ஹபிபுல்லா மச்சானும் அப்படித்தான் இருந்தார். என் அக்காளுக்குக் கிடைத்தது பாதி வீடு. மறு பாதி என் தங்கைக்கு. அந்தப் பாதி வீட்டில் அவர் எப்போதும் விருந்தாளிதான். தெருவில் யாருக்கு யார் உறவு, எந்தக் காரியத்தை எப்படிச் செய்ய வேண்டும் என்பதெல்லாம் அவருக்கு அரைகுறையாகத்தான் தெரியும். அதை யாரும் குறையாகச் சொன்னதில்லை. சபர் என்று கடல் தாண்டிப் பிழைக்கப்போகிற சபர்காரர்கள் எல்லாரும் அப்படித்தான்.

அறுபத்திரண்டில் ஒரேயடியாக ஊர் திரும்பியவர் வெள்ளாற்றங்கரையில் ஒரு கட்டடத்தை வாங்கினார். எந்தக் காலத்திலோ வெள்ளைக்காரர்கள் கட்டிய மாடிக் கட்டடம். மதுவிலக்கு வருகிற வரைக்கும் அதில் சாராயக்கடை இருந்தது. சாராய மச்சு என்றுதான் பெயர். கடை மூடிய பிறகு வௌவால்கள் வந்துவிட்டன. படகுக்காரர்கள் கீழே வலை போட்டுவைத்திருந்தார்கள். மாடியில் ஒரு பக்கக் கூரை உட்கார்ந்துவிட்டது. ஆனால் சுவர்கள் கோட்டை மாதிரி. மேலே ஏறி, பலகைக் கதவுகளைத் திறந்தால் முகத்துவாரம் வரைக்கும் ஆறுதான்.

ஒரு வருஷம் பாடுபட்டார். தேக்கு உத்தரம் கடலூர்த் துறைமுகத்திலிருந்து வந்தது. சுண்ணாம்பைக் கடுக்காய்த் தண்ணீர் விட்டு அரைத்துப் பூசச் சொன்னார். சுவரில் ஊறிய சாராய வாடை மட்டும் போகவில்லை. மழை பெய்தால் புதுப் பூச்சையும் மீறிக்கொண்டு லேசாக வந்துவிடும். சாம்பிராணி போட்டுப் பார்த்தார், வேப்பிலை கொளுத்திப் பார்த்தார். ஊர் வாய் அதைவிட மோசம். "ஹபிபுல்லா சாராய மச்சைத் தொறக்கப்போறாராமே!" என்று கிண்டல். பள்ளிவாசலில்கூட ஒருவர், "என்னா பாய், எங்களுக்கும் ஒரு கிளாஸ் உண்டா?" என்று கேட்டுவிட்டுச் சிரித்தாராம்.

அப்போதுதான் அவருக்கு ஒரு யோசனை வந்தது. கடை திறப்பது போலத் திறக்கக் கூடாது, வீடு குடிபோவது போலப் போக வேண்டும், அப்போதுதான் அந்தக் கட்டடத்தின் பேர் கழுவப்படும் என்று. கடை திறப்பு என்றால் ஃபாத்திஹா ஓதி, பூந்தி கொடுத்து முடித்துவிடுவார்கள். வீடு குடிபோவது வேறு. குர்ஆனை ஒருவர் தலையில் ஏந்திப் போவார். பின்னால் ஒரு பெண் கிண்ணம் நிறைய உப்பு எடுத்துக்கொண்டு வலது காலை வைத்து உள்ளே போவாள்.

உப்பு எடுக்கச் சலீமாவைக் கூப்பிட்டார். அவள் மறுத்துவிட்டாள்.

"சாராய நாத்தம் அடிக்கிற எடத்துக்கு நான் உப்பு எடுத்துட்டு வரமாட்டேன். நீங்களாச்சு, உங்க லாட்ஜாச்சு."

கெஞ்சிப் பார்த்தார். அவள் அசையவில்லை. விடிந்தால் காரியம். ஓதுவதற்கு ஆள் சொல்லியாகிவிட்டது. அவருக்கு ஒரே மகள், மெகருன்னிசா. அப்போது பதினாறு வயசு. திரை போட்ட வண்டியில் அவளை ஏற்றிக்கொண்டு போய், அவள் கையில் உப்புக் கிண்ணத்தைக் கொடுத்துவிட்டார். வந்திருந்த பெண்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்களாம். பிறகு சேர்ந்து குலவை போட்டார்கள். மச்சானுக்கு மனசு நிறைந்துபோயிற்று.

எங்கள் தெருவில் எந்தப் பெண் உப்பு எடுக்கிறாளோ அவளுக்கு அந்த வீடு. யாரும் சொல்லிக்கொடுத்து வருவதில்லை, எல்லாப் பெண்களுக்கும் தெரியும். கல்யாணத்துக்கு முன்னால் மகள் கையில் உப்பைக் கொடுத்தால், இது என் மகளுக்கு, மாப்பிள்ளை தேடுகிறேன் என்று ஊரைக் கூட்டிச் சொன்னதாக அர்த்தம். பினாங்கில் விரிப்பு மாற்றிக்கொண்டிருந்த மனுஷனுக்கு இது எங்கே தெரியப்போகிறது? தெரிந்தவள் வீட்டில் கோபித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

பக்கத்து வீட்டுக்காரி வந்துதான் சலீமாவிடம் சொன்னாள். "மகளுக்கு மச்சுவீட்டையே குடுத்துட்டியே சலீமா, ஒரு வார்த்தை சொல்லலியே!"

மச்சான் பூந்தித் தட்டோடு வீடு திரும்பியபோது என் அக்காள் நடுக்கூடத்தில் நின்றாளாம்.

"அவ கையில உப்பக் குடுக்கச் சொல்லி யாரு சொன்னது உங்களுக்கு?"

"நீ வரமாட்டேன்னியே."

"நான் வரலன்னா உப்பு இல்லாமப் போறது!"

"உப்புதானே சலீமா."

"உப்புதானேங்குறாரு. யா அல்லாஹ், உப்புதானேங்குறாரு."

விஷயத்தை அவள் விளக்கியபோது மச்சான் சிரித்தாராம். ஊர் மறந்துவிடும் என்றார்.

நான் விடுமுறையில் ஊருக்குப் போனது அறுபத்து நாலு ஐப்பசியில். அப்போது விடுதி நன்றாகவே நடந்துகொண்டிருந்தது. கடல் ஆராய்ச்சிக்கு வந்த படிப்பாளிகள், கடலூரிலிருந்து இறால் விலை பேச வருகிற ஏஜெண்டுகள், உப்பள அதிகாரிகள், ஆற்றுக் காற்றுக்காகவே குடும்பத்தோடு வந்து இரண்டு நாள் தங்குகிறவர்கள். கீழே நீளமான கூடத்தில் பளிங்கு மேஜைகள். சாராயம் ஊற்றிக் கொடுத்த பழைய மரத்தடுப்பை இழைத்து மெருகேற்றி அப்படியே வைத்திருந்தார். அதன் பின்னால் நன்னாரி சர்பத், இஞ்சித் தண்ணீர், கலர் சோடா. டீயை அவரே இழுத்து ஆற்றுவார். இரண்டு குவளைக்கும் நடுவே டீ ஒரு முழம் தொங்கும்.

மதுவிலக்குப் போலீஸ்காரர் ஒருவர் அடிக்கடி வருவார். ஒவ்வொரு பாட்டிலையும் மோந்து பார்ப்பார். ஒருநாள் மழை. மோந்துகொண்டே சுவர்ப்பக்கம் போனவர் திடீரென்று நின்றார்.

"பாய், இங்க வாடை வருதே!"

"வரும் சார். செவுரு குடிச்சிருக்கு. நான் என்னா பண்ண? அரெஸ்ட் பண்ணிக்கிட்டுப் போங்க."

கூடமே சிரித்தது. போலீஸ்காரரும் சிரித்துவிட்டு ஒரு சர்பத் வாங்கிக் குடித்தார்.

மீனும் இறாலும் பிரியாணியும் ஒரு அடுப்பில். சைவச் சாப்பாட்டுக்கு வேறு அடுப்பு, வேறு பாத்திரம், வேறு கிணற்றுத் தண்ணீர். அதற்குச் சிதம்பரத்திலிருந்து சிற்றம்பலம் என்று ஒரு சமையல்காரரைக் கொண்டுவந்திருந்தார். நெற்றியில் விபூதி, வாயில் ஓயாத புகையிலை. "பாய் கையால டீ, எங் கையால இட்லி. இதுக்கு மேல மனுஷனுக்கு என்னா வேணும்?" என்று வருகிறவர்களை அதட்டுவார்.

இடியாப்பமும், முட்டையும் தேங்காய்ப்பாலும் சேர்த்து அவிக்கிற வட்டலப்பமும் மட்டும் வீட்டிலிருந்து போகும். அது மெகருவின் கைவேலை. உப்பு எடுத்த நாளுக்குப் பிறகு அவள் அந்தக் கட்டடத்துக்குள் போனதில்லை, போகவும் கூடாது. ஆனால் அங்கே நடப்பதெல்லாம் அவளுக்குத் தெரியும். நான் விடுதியிலிருந்து வந்ததும் பிடித்துக்கொள்வாள்.

"மாமா, மூலை ரூம்ல ஒரு சார் இருக்காரே, வட்டலப்பத்தை மிச்சம் வச்சாரா?"

"வழிச்சு நக்கிட்டாரு."

"நெசமாவா? நேத்து சக்கர ஜாஸ்தின்னாராம். கொறைச்சுப் போட்டேன்." அவள் முகத்தைப் பார்க்கணுமே. ஆற்றங்கரையில் அவள் பார்க்காத மேஜைகளில் உட்கார்ந்திருக்கிற யார்யாரையோ அவள் வீட்டுக்குள் இருந்தபடி உபசரித்துக்கொண்டிருந்தாள்.

ஊர் மறக்கவில்லை. கார்த்திகை பிறந்ததும் ஆசியா உம்மாள் வந்தார். எங்களுக்குத் தூரத்து உறவில் அக்காள் முறை, லாத்தா என்போம். புருஷன் இறந்த பிறகு தனியாளாக இரண்டு பெண்களுக்கு வீடு கட்டிக் கொடுத்து, ஒரே மகன் லியாக்கத் அலியைப் புருனேயில் கடைக்கு அனுப்பியவர். மகன் விடுமுறையில் வந்திருந்தான். நல்ல பையன். சிகரெட்கூட இல்லை. யாரைக் கேட்டாலும் அதைத்தான் சொன்னார்கள்.

பாதி வீட்டின் கூடத்தில் பாய் விரித்து உட்கார்ந்தோம். அவர் சுற்றி வளைக்கவில்லை.

"தம்பி ஹபிபுல்லா, எம் மகனுக்கு உம் மகளைக் கேட்டு வந்திருக்கேன். நகை நட்டு நான் கேக்கல. சீர் கேக்கல. அதான் ஆத்தோரத்துல மச்சுவீடு இருக்கே, புள்ளைங்க ரெண்டும் காத்தாட இருக்கட்டும்."

"லாத்தா, அது லாட்ஜு."

"இப்ப லாட்ஜு."

"இல்ல லாத்தா, அதுக்குத்தான் அதைக் கட்டுனதே. எம் பொழப்பு அது. மகளுக்கு இந்தப் பாதி வீட்டு மேல மாடி எடுத்துத் தர்றேன். வர்ற வருஷமே, இன்ஷா அல்லாஹ்."

ஆசியா உம்மாள் வெற்றிலையை மடித்து வாயில் வைத்தார். "உப்பு எங்க எடுத்தா?" என்றார்.

மச்சான் என்னைப் பார்த்தார். நான் விரித்திருந்த பாயைப் பார்த்தேன். கதவுக்குப் பின்னால் சலீமாவின் வளையல் சத்தம் கேட்டது.

"எனக்குத் தெரியாம நடந்துபோச்சு லாத்தா. நான் அந்த எண்ணத்துல குடுக்கல."

"நீ என்னா எண்ணத்துல குடுத்தியோ, அவ எடுத்துட்டா. நான் பொல்லாதவ இல்ல தம்பி. நாளைக்கு இந்தப் பொண்ணு இங்க மாடியில இருந்தா, உப்பு எடுத்த வீட்டுல குடியிருக்கக் குடுத்து வைக்கலன்னு கல்யாண வீடு, மவுத்து வீடு எல்லாத்துலயும் பேசுவாளுவ. பாவம், அவ எங்க போயி முகத்தை வச்சுக்குவா? எம் மகன் வேணாம்னா வேற எடம் பாரு. வர்றவனும் இதைத்தான் கேப்பான்."

அவர் சொன்னதில் ஒன்றுகூடப் பொய்யில்லை. அதுதான் கஷ்டம்.

மறுநாள் மச்சான் என்னைக் கூட்டிக்கொண்டு ஜமாஅத் பெரியவர்களைப் பார்க்கப் போனார். அவர்கள் அன்பாகத்தான் பேசினார்கள்.

"உப்புக்கும் மார்க்கத்துக்கும் சம்மந்தமே இல்ல ஹபிபுல்லா. எந்தக் கிதாபுலயும் இல்ல. சட்டத்துலயும் இல்ல. கட்டடம் உன்னுது."

"அப்பச் சரிங்க."

"ஆனா..."

"ஆனா என்னா?"

"ஆனா பொம்புளைங்க பாத்துட்டாங்களேப்பா."

திரும்பி வரும்போது ஆற்றுப் படித்துறையில் உட்கார்ந்துவிட்டார். அலை ஏறுகிற நேரம். ஆறு கடலிலிருந்து ஊரைப் பார்த்து ஓடிவந்துகொண்டிருந்தது. "நீ படிச்சவன் மச்சான். இங்கிலீஷும் தெரியும், தமிழும் தெரியும். ஒரு வழி சொல்லேன்" என்றார். எனக்குத் தெரிந்த இரண்டு பாஷையிலும் அதற்கு வழி இல்லை. வேறொரு வீடு வாங்கி அதற்கு ஒருமுறை உப்பு எடுக்கச் சொன்னால் என்ன என்று கேட்டேன். ஒரு பெண் இரண்டு முறை உப்பு எடுப்பது, முதல் வீடு கைவிட்டுப் போனால்தான் என்று அன்றிரவே சலீமா சொல்லிவிட்டாள். அவளும் மெலிந்துபோயிருந்தாள். அன்றைக்கு நானே போய் அந்தக் கிண்ணத்தை எடுத்திருக்கலாமே என்ற வார்த்தையை அவள் வாயால் சொல்லவில்லை. ஆனால் சோறு பரிமாறும்போது உப்பு ஜாடியைத் தொட அவள் கை தயங்கியதை நான் பார்த்தேன்.

மெகருவே ஒருநாள் அப்பனிடம் வந்தாள். நான் கூடத்தில் இருந்தேன்.

"வாப்பா, நான் வேணாம்னு சொல்லிடுறேன். எனக்கு இஷ்டமில்லன்னு சொன்னா முடிஞ்சுபோச்சு. லாட்ஜு இருக்கட்டும்."

"இந்த மாப்ளையை வேணாம்பே. அடுத்தவனை?"

"அவனையும் வேணாம்னு சொல்றேன்."

"எத்தனை பேரை வேணாம்னு சொல்லிட்டு உக்காந்திருப்பே?"

மச்சான் அவள் தலையில் கை வைத்தார். "பையன் நல்ல புள்ளம்மா. ஆத்தோரம், நல்ல காத்து. நீ நல்லா இருப்பே" என்றார். வாடகைக்கு அறை கேட்டு வருகிறவர்களிடம் சொல்கிற அதே வார்த்தைகள். சொன்னபிறகுதான் அவருக்கே அது உறைத்திருக்க வேண்டும். எழுந்து வெளியே போய்விட்டார்.

நோன்புப் பெருநாள் கழிந்து நிக்காஹ் நடந்தது. ஒரு ஏற்பாட்டுக்கு ஆசியா உம்மாளும் ஒத்துக்கொண்டார். மாடி முழுவதும் மகளுக்கும் மாப்பிள்ளைக்கும். கீழே டீயும் சாப்பாடும் நடக்கலாம். தங்க அறை கிடையாது. மச்சானுக்கு அதுவே பெரிய நிம்மதி. "பாதி பொழைச்சுதே மச்சான்!" என்று என் கையைப் பிடித்துக்கொண்டார்.

லியாக்கத் அலி நல்லவன்தான். காலையில் இறங்கிவந்து மேஜையில் உட்கார்ந்து, "மாமா, உங்க டீ ஒண்ணு" என்பான். விருந்தாளிகளோடு பேசிச் சிரிப்பான். ஆனால் மாடியில் புதுப்பெண் இருக்கிறாள் என்ற எண்ணம் மச்சானை விடவில்லை. யாராவது உரக்கச் சிரித்தால் போதும், பதறிக்கொண்டு அந்த மேஜைக்குப் போவார். "கொஞ்சம் மெதுவா பேசுங்க சார். மேல வீடு." அடுத்த மேஜைக்குப் போவார். "மெதுவா, மெதுவா. மேல வீடு." பேச ஒரு இடம் வேண்டும் என்று கடல் தாண்டி வந்து ஒரு விடுதி கட்டியவர், வருகிறவர்களின் வாயை ஒவ்வொன்றாக மூடிக்கொண்டிருந்தார். இறால் ஏஜெண்டு ஒருவர் என்னிடம், "இங்க டீ குடிக்கவே பயமா இருக்கு சார், உறிஞ்சுற சத்தம் மேல கேட்டுடுமோன்னு" என்றார். சிரிப்பதற்காகச் சொன்னார். அவரே அடுத்த முறை வரவில்லை.

சித்திரையில் நான் பினாங்குக்குத் திரும்பினேன். அந்த மாதமே லியாக்கத் அலியும் புருனேக்குக் கப்பலேறினான்.

அதற்குப் பிறகு நடந்ததைச் சிற்றம்பலம்தான் எனக்குச் சொன்னார். அறுபத்தேழில் ஊருக்குப் போனபோது சிதம்பரத்தில் ரயிலை விட்டு இறங்கி ஒரு ஓட்டலில் சாப்பிட நுழைந்தேன். உள்ளேயிருந்து அந்தப் புகையிலைக் குரல் அதட்டியது. என்னைப் பார்த்ததும் கரண்டியோடு வெளியே வந்துவிட்டார்.

"மாப்ள கப்பலேறி எட்டு நாளுகூட ஆவல சார். ஆசியாம்மா வந்துட்டாங்க. புருஷன் சபர்ல இருக்கான், கீழ ஊர் பேர் தெரியாத ஆம்புளைங்க. நாக்குல நரம்பில்லாம நாலு பேரு பேசுனா யாரு பதில் சொல்றதுன்னாங்க. சண்டை போடல சார். அழுதாங்க. பாயும் சரின்னுட்டாரு."

"நீங்க உடனே வந்துட்டீங்களா?"

"அங்கதான் சார் வேடிக்கை. கூடத்தை மூடியாச்சு. ஆனா என்னைப் போன்னு அவரால சொல்ல முடியல. நானும் அவரு சொல்லாம போவமாட்டேன்னு இருந்தேன். தெனம் காலையில பின்பக்கமா வந்து அடுப்பப் பத்தவைப்பேன். இட்லி ஊத்துவேன். யாரும் வரமாட்டாங்க. நானும் அவரும் உக்காந்து தின்போம். 'இன்னிக்குச் சட்னி நல்லா இருக்கு சிற்றம்பலம்'பாரு. 'நல்லா இருந்தா என்னா பாய்'ம்பேன். ஒருநாள் பாத்திரத்தையெல்லாம் அவரே கழுவிக் கவுத்து வச்சிருந்தாரு. அன்னிக்கு நான் ஒண்ணும் கேக்கல. துண்டை எடுத்துத் தோள்ல போட்டுக்கிட்டு வந்துட்டேன்."

கையைக் கழுவிக்கொண்டு வெளியே வந்தேன். பஸ்ஸில் பரங்கிப்பேட்டை போனேன்.

மச்சான் நரைத்திருந்தார், அவ்வளவுதான். உடம்புக்கு ஒன்றுமில்லை. பினாங்கில் சொல்கிறார்களே, அந்த நொடிப்பும் இல்லை. ரயிலடிப் பக்கம் ஒரு கூட்டாளியோடு சிமெண்டு மூட்டை வியாபாரம் செய்கிறார். வீடு நடக்கிறது. லியாக்கத் அலி புருனேயிலேயே இருக்கிறான். அடுத்த வருஷம் வருவானாம். மெகரு மச்சுவீட்டின் மாடியில் இருக்கிறாள். துணைக்கு இரவில் சலீமா போய்ப் படுத்துக்கொள்கிறாள். சாராய வாடை அடிக்கிற இடம் என்று கால் வைக்க மறுத்தவள்தான். மச்சான் மட்டும் பாதி வீட்டில் தனியே. மகள் வீட்டில் அப்பன் தங்கினால் அவ்வளவு நன்றாக இருக்காது என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். யார் என்று கேட்டேன். "எல்லாரும்தான்" என்றார்.

சாயங்காலம் இருவரும் மச்சுவீட்டுக்கு எதிரே, படகு கட்டுகிற பூவரச மரத்தடியில் உட்கார்ந்திருந்தோம். ஆற்றுப் பக்கத்துப் பலகைக் கதவுகள் எல்லாம் சாத்தியிருந்தன. தெருப்பக்கமும் அப்படியே. வெள்ளை மட்டும் புதிதாக அடித்திருந்தார்கள்.

பெட்டியும் பையுமாக ஒரு ஆளும் அவர் மனைவியும் கரையோரமாக வந்தார்கள். வெளியூர்க்காரர்கள். நடந்த களைப்பு முகத்தில் தெரிந்தது. எங்களிடம் வந்து நின்றார்கள்.

"இங்க ஆத்தோரமா ஒரு லாட்ஜு இருக்கறதா சொன்னாங்களே? கடலூர்ல ஒருத்தரு சொல்லி அனுப்புனாரு. சாப்பாடெல்லாம் பிரமாதம்னாரு."

மச்சான் எழுந்துவிட்டார். வேட்டியைச் சரி செய்துகொண்டார். ஒரு கணம் பழைய ஆளாகவே நின்றார், கை அந்த அம்மாளின் பையை வாங்க நீண்டுவிட்டது. பிறகு கையை இழுத்துக்கொண்டார்.

"இருந்துச்சு சார்."

"எது? இந்த மாடியா?"

"அது வீடு."

"ஒரு ராத்திரி போதும். ரூமு இல்லாட்டியும் பரவாயில்ல, ரெண்டு பேருக்குச் சோறு கெடைச்சாக்கூடப் போதும். இவுங்களுக்கு நடக்க முடியல" என்றார் அந்த ஆள்.

மேலே ஒரு பலகைக் கதவு விரலளவு திறந்தது. உள்ளே இருப்பவள் தெரியவில்லை. குரல் மட்டும் வந்தது.

"வாப்பா, யாரு வந்திருக்கா? என்னா வேணுமாம்?"

மச்சான் அண்ணாந்து பார்த்தார். அந்தக் குரலில் ஒரு துடிப்பு இருந்தது. இரண்டு பேருக்குச் சோறு வேண்டும் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அடுத்த நிமிஷம் அவள் அடுப்படியில் இருந்திருப்பாள். அது எனக்குத் தெரிந்தது. அவருக்கும் தெரிந்திருக்கும். சொல்லிவிட்டால், நாளைக்குத் தெரு முழுவதும் என்ன பேசும் என்பதும் இருவருக்குமே தெரிந்திருந்தது.

"ஒண்ணுமில்லம்மா, வழி கேக்குறாங்க" என்றார்.

கதவு உடனே மூடவில்லை. கொஞ்ச நேரம் அந்த இடுக்கு அப்படியே இருந்தது. பிறகு மூடிக்கொண்டது.

மச்சான் குனிந்து அந்த அம்மாளின் பையைத் தூக்கிக்கொண்டார். "வாங்க, சிதம்பரத்துக்குப் பஸ் இருக்கு" என்று முன்னால் நடந்தார். நான் பெட்டியை வாங்கிக்கொண்டு பின்னால் போனேன். வழியெல்லாம் சொல்லிக்கொண்டே வந்தார். எங்கே இறங்க வேண்டும், எந்தத் தெரு, எந்த ஓட்டல், அங்கே சிற்றம்பலம் என்று கேட்க வேண்டும், இட்லி சூடாக இருக்கும்போதே சாப்பிட்டுவிட வேண்டும். பஸ்ஸில் அவர்களை ஏற்றி, பையை மடியில் வைத்தார்.

"யாரு அனுப்புனாங்கன்னு சொல்லட்டும்? உங்க பேரு?" என்று ஜன்னல் வழியாக அந்த ஆள் கேட்டார்.

மச்சான் வாயைத் திறந்தார். பஸ்ஸுக்கு அந்தப் பக்கம் எங்கள் தெரு ஆட்கள் இரண்டு பேர் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"பேரெல்லாம் வேணாம் சார்" என்றார். "பரங்கிப்பேட்டையில வழி கேட்டோம்னு சொல்லுங்க."